மேல்விலாசம்

காரைக்குடி புது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
பார்சல் ஆபீசில் எனக்கு ராத்திரி வேலை.
அறுநூற்று முப்பதில் தொடங்கும் எண்ணெல்லாம் என் பக்கம்:
தேவகோட்டை, புதுவயல், கானாடுகாத்தான்.
வைக்கோல் சுற்றிய ஆத்தங்குடிக் கல் அடியில்,
மணகோலம் டப்பா மேலே.
பதினோரு வருஷத்தில்
ஒரு பெட்டியை ஊர் மாற்றி ஏற்றியதில்லை.

அதனால்தானோ என்னவோ,
மதுரை டாக்டர் ரிப்போர்ட்டைப் பிரித்து
"ரத்தத்தில் நொதி பத்து மடங்கு" என்றதும்
நல்ல சேதி என்று சிரித்துவிட்டேன்.
அவர் சிரிக்கவில்லை.
உமையாளின் விரல்களை எடுத்து
நீட்டிப் பார்த்தார்.
பாதியில் நின்றன.

ரிப்போர்ட்டின் பின்பக்கம் வரைந்தார்.
இது சரக்கு தயாராகும் இடம்.
இது கோல்கி.
எனக்கு எனாமல் தட்டு அடுக்கிய மாதிரி தெரிந்தது.
ஒவ்வொரு தட்டாகக் கடந்து வரும் புரதங்களில்
சிலவற்றுக்கு இங்கே முத்திரை விழணும்:
ஒரு சர்க்கரை, அதன் ஆறாம் இடத்தில் ஒரு பாஸ்பேட்.
பின்கோடுக்கும் ஆறுதான்.
வாய்வரை வந்ததை விழுங்கினேன்.
அந்த முத்திரையைப் பார்த்துத்தான்
கழிவு அரைக்கும் அறைக்கு வண்டி ஏற்றுவார்களாம்.
உங்கள் பிள்ளைக்கு முத்திரை குத்தும் ஆள்
எப்போதாவதுதான் வருகிறான்.
சரக்கில் பழுதில்லை, அளவிலும் குறைவில்லை.
வாசலைத் தாண்டி ரோட்டில் கொட்டுகிறது.
உள்ளே, அரைபடாமல், சேர்கிறது.

சிகப்பி என் சொந்த அத்தை மகள்.
அதைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்,
வேறொன்றும் சொல்லவில்லை.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம்
ஒன்பது வயதுக்காரி கேட்டாள்:
"மேல எழுதலைன்னா என்னப்பா,
பிரிச்சுப் பாத்தா தெரியாதா?"
திருப்பத்தூர் வரை யோசித்தேன்.
அதற்குள் தூங்கிவிட்டாள்,
மடங்கிய விரல்களுக்குள் டிக்கெட்.

நேற்று மழை.
மானாமதுரை வண்டியில் இறங்கிய ஒரு பெட்டியின் மேல்
மை கரைந்து நீலத் திட்டு மட்டும்.
விதிப்படி அது மூலை அலமாரிக்குப் போகணும்.
தொண்ணூறு நாள். பிறகு ஏலம்.
சூப்பர்வைசர் சாத்தப்பன் டீ குடிக்கப் போயிருந்தான்.
கத்தியை எடுத்தேன்.

அரைக் கிலோ அதிரசம்.
ஒரு ஜோடி சாக்ஸ், புதுசு.
கோடு போட்ட தாளில் பென்சிலால்
'அண்ணனுக்கு'.

மூணு மணி தேவகோட்டை வண்டி
ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.