மார்கழியில் முகூர்த்தம் இல்லை

ஓசூர் பஸ் ஸ்டாண்டில் ராத்திரி இரண்டு மணிக்கு
முகத்தில் டார்ச் அடிக்க மனம் வராமல்
தஸ்தகீரும் நானும் கால்களை எண்ணினோம்.
அறுபத்தொன்று.
திம்மராயனுக்கு ஒன்றுதான்.

திங்கட்கிழமை மனுவில்
நிரந்தர முகவரி: ஏழாவது நடைமேடை, தூணோரம்.
அடித்துவிட்டுச் சரியாக எழுதச் சொன்னார்கள்.
சரியாகத்தான் எழுதியிருந்தேன்.

புதுக் கட்டடம் கேட்கவில்லை, சார்.
நகராட்சிக் கல்யாண மண்டபம்
தை பிறக்கும்வரை பூட்டித்தானே கிடக்கும்?
ஜமக்காளம்கூட உள்ளேயே சுருட்டிக் கிடக்கிறது.
ஒரு சாவி,
அவ்வளவுதான்.

கோப்பு மேலே போயிருக்கிறது என்றார்கள்.

வெளியே ரோஜா லாரிக்காரர்
பனி இறங்காமல் தார்ப்பாயை
மூலைக்கு மூலை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

இன்றிரவு மறுபடி எண்ணினோம்.
அறுபது.
எல்லாம் ஜோடி ஜோடியாக.