மழைக்குப் பயந்த தவளை

ஹட்டன் நகர மண்டபத்தில் மூன்று மணிக்கென்றார்கள்.
மூன்றே முக்காலுக்குத் திரை அசைந்தது,
விலகவில்லை.
சசிரேகா கொண்டுவந்த கடலையில்
பாதி அதற்குள் முடிந்துவிட்டது.

எங்கள் வீட்டுப் புத்தகத்தைத்தான்
இசை நாடகமாக்கியிருந்தார்கள்.
வாசிகசாலை கழித்துவிட்ட பிரதி எங்களுடையது,
கடைசி நான்கு பக்கம் கிடையாது.
தவளை வாசல்வரை வரும், வானத்தைப் பார்க்கும்,
உடனே அட்டை வந்துவிடும்.
மிச்சத்தை ராத்திரிகளில் சசிரேகா சொல்வாள்:
பஸ் ஏறி அம்பாந்தோட்டைக்குப் போய்
உப்பளத்தில் வேலைக்குச் சேர்ந்தது தவளை.

மேடைத் தவளை பச்சைக் கம்பளிச் சட்டை போட்டிருந்தது.
நன்றாகத்தான் பாடியது.
இரண்டாம் பாட்டில் நிஜ மழை பிடித்துக்கொண்டது.
தகரக் கூரை.
வாய் அசைவதை மட்டும் பார்த்தோம்.
ஆர்மோனியக்காரர் எதையோ
வாசித்துக்கொண்டே இருந்தார்.

முடிவில்
நீல ரிப்பன் மழைக்குள் தவளை குதித்தது.
மண்டபமே எழுந்து கைதட்டியது, நானும்.
சின்னவன் தட்டவில்லை.
"பிழையா செய்றாங்க" என்றான்
நாலு வரிசைக்குக் கேட்கும்படி.
"பஸ் எங்க?"

சசிரேகா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.
சிரிப்பென்றுதான் நினைத்தேன்.

வெளியே டிக்கோயா பஸ்சுக்கு நனைந்து நின்றோம்.
அவன் இன்னும் விம்மிக்கொண்டிருந்தான்.
லவனிஷா,
பன்னிரண்டு வயது, எதையும் நம்பாதவள்,
தம்பியின் குல்லாவை இழுத்துவிட்டுச் சொன்னாள்:
"லீவுல வந்திருக்கும்டா.
திங்கக்கெழமை உப்பளத்துக்குப் போயிரும்."