இரண்டு புள்ளி நாலு

தொரை என்றால் எங்கள் பாஷையில் ஓடை.
கல்தொரைக்குப் பெயர் வைத்தவர்கள்
ஓடையைப் பார்த்திருப்பார்கள்.
இப்போது பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள்
எந்த வெள்ளைக்காரத் துரை இங்கே இருந்தார் என்கிறார்கள்.

எங்கள் ஊர் சிக்கொரை, மேலே.
சோலைக்குள் ஒரு தடுப்பணை.
இரண்டு ஊருக்கும் நடுவே பதினான்கு வளைவு,
தீராத ஒரு கால்பந்து வழக்கு.

பேச்சுவார்த்தை ஏழாவது வளைவில்,
கூட்டுறவுச் சங்க மாடியில்.
அவர்கள் வாசல் பக்கம், நாங்கள் ஜன்னல் பக்கம்.
டீ வந்தது. குடித்தோம்.
குடித்து முடித்த பிறகு வர்கீஸ் கேட்டார்,
இது எந்த ஊர்த் தண்ணி?
லாரித் தண்ணி சார், என்றான் பையன்.

குழாய் இரண்டு அங்குலமா, இரண்டரையா?
அதற்குள் வெயில் ஜன்னலை விட்டு
எதிர்ச் சுவருக்குப் போய்விட்டது.
ராத்திரி பத்து முதல் நாலு வரை,
ஒருநாள் விட்டு ஒருநாள்.
லாட்ஜுகளுக்குக் கிடையாது என்றார் எங்கள் தலைவர்.
(அவர் மச்சானின் லாட்ஜ் எங்கள் பக்கம்.)
வழியில் மிச்சியின் முக்கால் ஏக்கர் தேயிலை.
அவள் வாடகை கேட்கவில்லை,
நடுவில் ஒரு டேப் கேட்டாள்.
விதியில் இடமில்லை என்று எழுதிவிட்டு
டேப் வைத்தார்கள்.

பிறகு அந்தச் சொல், தற்காலிகம்.
கல்தொரை கவுன்சிலர் சந்தனமேரி எழுந்தாள்.
"எங்கம்மா தலைமன்னார்ல கப்பல் ஏறி வந்தப்ப
தற்காலிகமாத் தங்க வெச்ச லயம்.
நான் பொறந்ததும் அதுல, என் மக பொறந்ததும் அதுல.
அந்தச் சொல்லுக்கு ஒரு தேதி போடுங்க."

தேதி போட யாருக்கும் துணிவில்லை.
மழை வரும் வரை, என்றார்கள்.
யார் மழை?
பாறைக்கு இந்தப் பக்கம் கொட்டும்போது
அந்தப் பக்கம் துணி காயும் மலை இது.
கடைசியில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.
சிக்கொரை ஃபேக்டரி மழைமானி, காலை எட்டரை மணி.
இரண்டரை மில்லிமீட்டரைத் தொட்டால்
வால்வு மூடும்.
பதினோரு வருஷமாக அந்த நோட்டில் எண் எழுதுகிறேன்.
மினிட்ஸ் எடுக்கத்தான் அன்று கூப்பிட்டிருந்தார்கள்.

ஒன்பதாம் நாள் காட்டெருமை குழாயை மிதித்தது.
நல்லவேளை, அது யார் ஊர் எருமை என்று
யாரும் ஆரம்பிக்கவில்லை.
அவர்கள் பிளம்பர் பன்னீர் முழங்கை வரை சேற்றில்.
எங்கள் போஜன் டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு
குழாயைப் பிடித்திருந்தான், இரண்டு மணி நேரம்,
பேச முடியாததால் சமாதானமாக.

முப்பத்திநாலாம் நாள் விடியும் முன்
தகரத்தில் சத்தம்.
எழுந்து உட்கார்ந்து சந்தோஷப்பட்டேன்.
அப்புறம்தான் நோட்டு ஞாபகம் வந்தது.
மேரிக்குப் போன் போட்டேன்.
"இங்க வெறும் பனிதான், அக்கா."
அவள் குரலுக்குப் பின்னால்
காலிக் குடங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டிருந்தன.

எட்டரைக்கு அளவுக் குழலைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தேன்.
கண்ணாடிக்குள் தண்ணீர் ஓரத்தில் ஏறும், நடுவில் குழியும்.
குழியைத்தான் படிக்க வேண்டும்.
படித்தேன். மூன்று.
வாசல் ஜெரேனியத்துக்கு ஊற்றிவிட்டு
உள்ளே வந்து எழுதினேன்:
இரண்டு புள்ளி நாலு.

பத்து மணிக்குத் தலைவர் வந்தார்.
எண்ணைப் பார்த்தார்.
ஜன்னல் வழியே ரோட்டில் தேங்கிய தண்ணீரைப் பார்த்தார்.
தன் செருப்பைப் பார்த்தார், சேறு.
"இது பேனாவா, பென்சிலா?"
பேனா, என்றேன்.
"கொடு."
வாங்கி, பக்கத்தில் இனிஷியல் போட்டார்.

பேனாவைத் திருப்பித் தரவில்லை.