முன்னறிவிப்பு இல்லாமல்

முன்பென்றால் திருகோணமலையிலிருந்து
ஒரு கோல் வரும்.
அன்றிரவே அலுமாரி திறந்து
நப்தலீன் மணக்கும் வெள்ளை விரிப்புகளைப்
பதினாலு கட்டிலுக்கும் போடுவேன்.
ஜீப் திரும்பியதும் மடித்து வைப்பேன்.

புதுச் சுற்றறிக்கை.
இன்று சொல்லாமல் வந்தார்,
மூதூர் பஸ்ஸில்,
தோப்பூர்ச் சந்தியில் இறங்கி, வியர்த்து.
பெரிய டாக்டரைத் தேடவில்லை.
ஒன்பதாம் கட்டிலருகே குந்தியிருந்து
சுலைஹாவிடம் கேட்டார்:
"ராவில கூப்பிட்டா ஆள் வருமா?"

அவள் என்னைப் பார்த்தாள்.
நான் தடுப்பூசிக் குளிர்ப்பெட்டியைப் பார்த்தேன்.
நாலு நாளாய் முள் பதினொன்றில் நிற்கிறது;
நாலு என்றே எழுதிவருகிறேன்.

"வரும்" என்றாள்.
பிறகு மெதுவாக,
"செருப்புச் சத்தம் கேக்கும்.
தாண்டிப் போயிரும்."

அவர் தலையாட்டவில்லை, ஏசவுமில்லை.
எழும்பி, முழங்காலைத் தடவிக்கொண்டு,
குளிர்ப்பெட்டிக் கொப்பியைக் கேட்டார்.