கூதல் நாலு நாள்

மழைக்கு எங்களுக்குப் பயமில்லை.
மாரி என்றால் முத்தையன்கட்டு வான் பாயும்,
இடதுகரை றோட்டில் முழங்கால் தண்ணி நிற்கும்,
கச்சான் பாத்தி இரண்டு அழுகும்.
அதெல்லாம் கணக்கில் சேர்ந்தது.
இது வேற.
மழை விட்ட பிறகு வந்த காத்து.

முதல் நாள் பால் பதினொரு லீற்றர்.
கொழுப்பு நாலு தசம் ஒன்று என்று
சேகரிப்பு நிலையத்துப் பொடியன் எழுதித் தந்தான்.
விரல் விறைத்து அவனுடைய ஒன்று
ஏழு மாதிரி விழுந்தது.
நான் திருத்தச் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் ஏழு லீற்றர்.
மாடுகள் முதுகை வளைத்து
காத்துக்கு வாலைக் காட்டிக்கொண்டு நின்றன,
எல்லாம் ஒரே திசையில்,
சங்கக்கடை வரிசை போல.

கொட்டிலுக்கு மூன்று பக்கம்தான் தகரம்.
நாலாம் பக்கத்துக்குக் காசு வரவில்லை,
அல்லது வந்து உரத்துக்குப் போனது.
இன்பராசா தறப்பாளை இழுத்துக் கட்டினார்.
வீட்டுத்திட்டம் வர முந்தி
நாங்கள் கிடந்த அதே தறப்பாள்,
நீல எழுத்து பாதி இன்னும் அழியவில்லை.
இரவு முழுக்க அது
ஆரோ ஈரச் சேலை உதறுற மாதிரி.

கண்டு பிறந்து ஒன்பது நாள்.
அதன் நடுக்கம்
தோல் மட்டும் தனியாக எங்கேயோ ஓடுகிற மாதிரி.
உமி மூட்டினேன், புகைதான் வந்தது.
சாக்குப் போட்டேன், சாக்கும் ஈரம்.
அப்போதுதான் அலுமாரி நினைவு வந்தது.

தங்கச்சி வதனி நோர்வேயிலிருந்து வந்த முறை
பெட்டியில் கிலோ கூடிவிட்டதென்று
விட்டுப்போன ஜக்கெற்.
ஊதா நிறம். உள்ளே வாத்துத் தூவல்.
வன்னி வெயிலுக்கு இது என்னத்துக்கு என்று
ஒழுங்கையே சிரித்தது.
ஆறு வருசம் பூச்சி உருண்டையோடு கிடந்தது.

முன்னங்கால் இரண்டையும் கைக்குள் விட்டு
சிப்பை முதுகுப் பக்கம் இழுத்தேன்.
பார்க்க வெட்கமாய் இருந்தது,
ஆருக்கு முன்னால் என்று தெரியவில்லை.

மூன்றாம் நாள் விடிய
தவறாசா அண்ணை வந்து படலையில் நின்றார்.
உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.
"பதினாலு" என்றார்.
காலபோகம் விதைத்தால் மாட்டுக்கு எங்கே இடம்,
காட்டோரம்தான் பட்டி.
மறைப்பென்று ஒரு பற்றைகூட இல்லாத இடம்.
ஒவ்வொன்றையும் படம் எடுக்கட்டாம்,
காதுத்தோட்டு இலக்கம் தெரியவேணுமாம்,
கிராம சேவகர் சொன்னாராம்.
அவருடைய போன் செத்திருந்தது.
என்னுடையதைக் கொடுத்தேன், பதினெட்டு வீதம்.
இன்பராசா மண்வெட்டியோடு கூடப் போனார்.
போன் திரும்பி வந்தபோது
அதற்குள் பதினாலு காது இருந்தது.

ட்ராக்டர் பற்றரியில் சார்ஜ் போட்ட கையோடு
வதனி எடுத்தாள்.
அங்கே சைபருக்குக் கீழே பன்னிரண்டாம்.
"உங்க எவ்வளவு?"
பத்தொன்பது காட்டுது என்றேன்.
"அட, எங்களுக்கு அது கோடையெல்லோ" என்று சிரித்தாள்.
நானும் சிரித்தேன்.
அவள் சொன்னது பிழையில்லை.
அங்கே மாடுகள் ஐப்பசி தொடங்கிச் சித்திரை மட்டும்
கதவு சாத்தின கட்டிடத்துக்குள் நிற்குமாம்.
ஜக்கெற்றைப் பற்றிச் சொல்லவில்லை.
அனுப்பலாமென்று ஒரு படம் எடுத்தேன்,
அது அந்தக் காதுகளுக்குப் பக்கத்தில் போய் நின்றது.
அனுப்பவில்லை.

நாலாம் நாள் நாலு லீற்றர்.
பொடியன் வரவில்லை.
காய்ச்சித் தவறாசா அண்ணை வீட்டுக்குக் கொடுத்துவிட்டோம்,
சீனி போடாமல்.

அடுத்த நாள் வெயில்,
ஒன்றும் நடவாத மாதிரி.
கண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு
கச்சான் பாத்திக்குள் பாய்ந்தது,
ஜக்கெற்றின் ஒரு கை கழன்று சேற்றில் இழுபட,
தையல் விட்ட இடத்தால் தூவல் பறக்க.
"பிடியும், பிடியும்" என்று இன்பராசா கத்துறார்.
நான் பிடிக்கப் போகவில்லை.
கொட்டிலின் நாலாம் பக்கத்தில்
பாதத்துக்கு முன்னால் பாதம் வைத்து
எத்தனை தகரம் வேணும் என்று
அடி எண்ணிக்கொண்டு நின்றேன்.