ஐந்து விநாடி

சாலிகிராமத்தில், மாடிப்படிக்கு அடியில்
முட்டை அட்டை ஒட்டிய அறையொன்றில்
நான் சொல்லிவிட்டு வந்த வாக்கியம்:
‘உங்க வீட்டுத் தண்ணி உண்மையிலேயே சுத்தமா?’

“அஞ்சு விநாடிதான் மேடம்.
அதுக்கப்புறம் தாண்டிப் போற பட்டன் வந்துடும்.
உண்மையிலேயேவுல கொஞ்சம் பயம் போடுங்க”
என்றார் எபினேசர், கண்ணாடிக்கு அந்தப் பக்கம்.
போட்டேன்.
ஆயிரத்து இருநூறு. தொண்ணூறு நாளில் வரும் என்றார்கள்.
இன்று நூற்றுப் பதினொன்று.

எங்கள் வீட்டுத் தண்ணீர் லாரியில் வருகிறது,
கொஞ்சம் டீ நிறத்தில்.

அந்த வாக்கியத்தை வீட்டில் யாரும் கேட்டதில்லை.
நவிலன் எல்லாவற்றிலும் தடுப்பான் போட்டிருக்கிறான்,
லேப்டாப்பில், என் போனில், டிவியில்கூட.
“கொசுவை விடுறவனே வலையும் விக்கிறான்,
அதைப் போய் ஏம்மா காசு குடுத்து வாங்கணும்?”
“வீடியோ போடுறவனுக்கும் வயிறு இருக்குல்ல?”
என்று நியாயம் பேசினார் அவன் அப்பா,
ஆபீஸ் நண்பரின் கணக்கில்
ஆறாவது ஆளாய்ப் படம் பார்த்தபடி.

நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன்.
கொசு என்று என்னையும் சேர்த்துச் சொன்னது
அவனுக்குத் தோன்றவில்லை.

கீழ் வீட்டு ஷகீராவுக்கு ஆஸ்பத்திரியில் இரவு ட்யூட்டி.
பகலில் தூங்குவதற்கு மழை கேட்பாள்.
பத்து மணி நேர மழை, தகரக் கூரைமேல் பெய்வது,
இலவசம்.
வெளியே மே மாதம்,
ஆற்காடு ரோட்டில் மெட்ரோக்காரர்கள் எதையோ துளைக்கிறார்கள்.

துணி எடுக்க மாடிக்கு வந்தவள் சொன்னாள்:
“நடு மழையில ஒருத்தி வர்றாக்கா.
தண்ணி சுத்தமான்னு கேக்குறா.
நேத்து பாதித் தூக்கத்துல எந்திரிச்சுப் போய்
குடத்தை எட்டிப் பார்த்தேன்.”
சிரித்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.
“நம்ம ஏரியாப் பொண்ணு மாதிரிதான் பேசுறா.”

காலியான கொடியில்
நான் கிளிப் தேடிக்கொண்டிருந்தேன்.

நவிலனை அனுப்பித் தடுப்பான் போடச் சொல்லலாம்.
நானே மாதக் காசு கட்டலாம்,
என் குரல் அவளிடம் போகாமலிருக்க,
என் குரலுக்கு இன்னும் வராத காசிலிருந்து.
இல்லை, அது நான்தான் என்று சொல்லிவிடலாம்.
சொன்னால், எங்கே இன்னொரு தடவை சொல்லுங்க என்பாள்.

கட்டினேன்.
“ஏதோ ஆஃபராம், ஒரு மாசம் சும்மா” என்று புளுகி,
அவள் போனில் என் கார்டு எண்ணைத் தட்டி.

பன்னிரண்டு மணி வெயிலில்
கீழ் ஜன்னலிலிருந்து மழை வருகிறது.
அரை மணி, முக்கால் மணி, விடாமல்.
வெங்காயத்தைப் பாதியில் வைத்துவிட்டு
நான் நுழைய வேண்டிய இடத்துக்காக நிற்கிறேன்.
மழை அந்த இடத்தையும் தாண்டிப் போகிறது.

போன் அடிக்கிறது. எபினேசர்.
“க்ளையன்டுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு மேடம்.
ஆனா நாலு விநாடிக்குள்ள வேணுமாம்.
அந்த ‘உண்மையிலேயே’வை எடுத்துடலாமா?”