பதாகையின் முதுகு

ஹல் நகராட்சிக் கிடங்கில்
துடைப்பங்களுக்கும் உப்பு மூட்டைகளுக்கும் நடுவே
சுருண்டு கிடந்தது சங்கத்தின் பழைய பதாகை.
விரித்தோம்.
கருஞ்சிவப்புப் பட்டில் நான்கு தொழிலாளிகள்,
நால்வருக்கும் ஒரே மூக்கு.
வரைந்தவர் தன் மைத்துனனையே
நான்கு தொப்பிகளில் நிற்கவைத்தாராம்.

புதிதாக ஒன்று செய்யத் தீர்மானம் போட்டோம்.
அங்கே பிடித்தது வம்பு.

யார் முகம்?
பிணவறைக்கு வண்டி தள்ளும் ஒலாடிப்போ சொன்னான்:
என்னைப் போடாதீர்கள்,
அம்மாவிடம் ஆஸ்பத்திரி வேலை என்றுதான் சொல்லியிருக்கிறேன்.
குப்பை லாரி கிளிஃப் ஆக்ஸ்டபி,
லாரியைப் போடு, அது என்னைவிட அழகு என்றார்.
இரவுப் பணி முடித்து வந்த நர்ஸ் மாரிவிக்
நாற்காலியிலேயே தூங்கிப்போனாள்;
அவள் வாக்கு எந்தப் பக்கம் என்று
இன்றுவரை தெரியாது.
வரிப் பிரிவின் பிரோனாவுக்குக் காது கேட்காது.
விரல்களால் கேட்டாள்:
கைகளை மட்டும் வரைந்தால் என்ன?
எந்த நிறக் கை, என்றார் ஒருவர்.
தேநீர் ஆறியது.

நான் வண்டிகளுக்கு அபராதச் சீட்டு ஒட்டுகிறவன்.
என் முகத்தைப் போட்டால் ஊர் கல்லெறியும் என்றேன்.
யாரும் மறுக்கவில்லை.

வேலைநிறுத்த நாள் வந்துவிட்டது, படம் வரவில்லை.
மஞ்சள் துணியில் கிளையின் பெயர், எண்,
கீழே முகங்களுக்கென்று விட்ட வெற்றிடம்.
அதையே தூக்கினோம்.

ஹம்பர் முகத்துவாரத்துக் காற்று.
அதற்கு ஊதத் தெரியும், ஊதியம் தெரியாது.
இரண்டு கம்பம், நான்கு கயிறு.
முன்கயிற்றில் கிளிஃப்,
பின்கயிற்றில் நானும் ஷிலானும்.
பள்ளிச் சமையலறையில் நாளுக்கு
நானூறு தட்டு கழுவுகிறவள்,
சுலைமானியாக்காரி.

தூக்குகிறவர்களுக்குப் பதாகை தெரிவதில்லை.
எங்களுக்கு அதன் முதுகு:
தையல், பிசிறு நூல், மழை ஊறிய கனம்.

வளைவில்,
மூடிக் கிடந்த பெரிய துணிக்கடையின்
கண்ணாடி எதிரே ஊர்வலம் தேங்கியது.
அதில்தான் முதன்முதலாய்ப் பார்த்தோம்,
எழுத்துகள் பக்கம் மாறி.
ஷிலான் வலமிருந்து இடமாக
காற்றில் விரலை ஓட்டினாள்.
பார், இந்த ஊர் எழுத்து
இன்றைக்கு என் பக்கத்திலிருந்து கிளம்புகிறது!

துணி புடைத்து இழுத்தது.
கதையை அப்புறம் பேசு, கயிறு, கயிறு
என்று முன்னாலிருந்து கத்தினார் கிளிஃப்.

நிறுத்தக் கூடாத மஞ்சள் கோட்டின் மேல்
சாவகாசமாய் நின்றது ஒரு வெள்ளைக் கார்.
பார்த்தேன்.
கையில் கயிறு.